நான் சேர்த்துச் சொன்ன முடிவு

இந்த வருடம் பிரசங்க பீடம் ஏறப்போகிற உங்களுக்கு, நன்றாக அமைந்த ஒரு பிரசங்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். சரியாக அமையாத பிரசங்கங்கள் என்னிடம் ஏராளம். அவற்றால் பெரிய கெடுதல் எதுவும் நடந்ததில்லை. சனங்கள் கொஞ்சம் தூங்கினார்கள், ஆசீர்வாதம் முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். கெடுதல் நடந்தது, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்ட ஒரு பிரசங்கத்தால்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடங்கள் ஆகின்றன. கண்டி நகரச் சபையிலும் பன்வில பக்கத்துத் தோட்டங்களிலும்தான் என் ஊழியக் காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. ஆரம்பத்தில் தோட்டத்து ஆலய வாசலில் நான் போய் நின்றால், "அம்மா மட்டும் வந்திருக்கீங்க, ஐயா வரலீங்களா?" என்று கேட்பார்கள். போதகரின் மனைவி என்று நினைப்பு. நான்தான் போதகர் என்றதும் ஒரு கணம் விழித்துவிட்டு, "அப்ப சரி, வாங்கம்மா" என்று கதிரையை இழுத்துப் போடுவார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். பெண் என்பதால் நான் பட்ட கஷ்டம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. கதைகளால் பட்டதுதான் அதிகம்.

முதல் வருடம் கதைகளைப் புத்தகங்களிலிருந்து எடுத்தேன். எல்லாம் குளிர்நாட்டுக் கதைகள். ஒருமுறை, பனியில் வழிதவறிப் புதைந்துபோன ஒருவனை ஒரு நாய் தோண்டி எடுத்த கதையைப் பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் மனமுருகச் சொன்னேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார்.

"அம்மா, ஒரு சந்தேகம். நம்ம மலையில எறங்குற பனியில ஆளு காணாமப் போறது உண்டு. அதுல எப்படிம்மா பொதைஞ்சு போவான்?"

மலையிலிருந்து நூல்நூலாக இறங்கிவரும் வெண்புகையைத்தான் அவர்கள் பனி என்பார்கள். அதற்குள் ஒரு மனிதன் புதைந்துபோவதைக் கற்பனை செய்துபார்க்க முயன்று, பிரசங்கம் முழுவதையும் அவர் தவறவிட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வெட்கமுமாக வந்தது.

அதற்குப் பிறகு பக்கத்தில் இருப்பதைப் பார்க்கத் தொடங்கினேன். மேய்ப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டிய ஒரு நாளில், ஆட்டு மந்தையை விட்டுவிட்டுப் பிள்ளைக்காம்பராவைப் பற்றிச் சொன்னேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. அங்கே வேலை செய்த ஆயா, அடுப்படியில் நின்றபடியே, அழுகிற குரலை வைத்து எந்தப் பிள்ளை அழுகிறது என்று சொல்லிவிடுவார். அதைச் சொன்னபோது முன்வரிசைப் பெண்கள் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போனது. சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கொப்பியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் கேட்டது, சந்தையில் பார்த்தது, மருத்துவமனை வரிசையில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என்று எல்லாம் அதற்குள் போயின. விடியற்காலையில் கண்டி வாவியைச் சுற்றி நடப்பேன். தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடு தெரியாத நேரம் அது. கொப்பியில் எழுதிய ஆட்கள் எனக்கு முன்னால் நடந்து போவதுபோல இருக்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள் போலவும் இருக்கும். வேலையின் மிக இனிமையான பகுதி அதுதான். ஆபத்தும் அங்கேதான் இருந்தது. அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

இனி ஞானமுத்துவைப் பற்றிச் சொல்கிறேன். அது அவருடைய உண்மையான பெயர் அல்ல. இதில் வரும் எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். சொல்ல அனுமதியும் வாங்கியிருக்கிறேன்.

அவருக்குக் கடுகண்ணாவையில் ஒரு தேத்தண்ணிக் கடை. மனைவி இறந்து பல வருடங்கள். ஒரே மகள் ஸ்டெல்லா. அவள் ஒரு சிங்களப் பையனை விரும்பினாள். பஸ் கண்டக்டர். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "நீ செத்துட்டதா நெனச்சுக்கிறேன்" என்று வாசலில் நின்று சொன்னார். அவள் போய்விட்டாள். நான் சொல்லும் சம்பவம் நடந்தபோது அதற்கு ஆறு வருடங்கள் கடந்திருந்தன.

ஞாயிறுதோறும் ஆராதனைக்குக் கண்டிக்கு வருவார். அதிகம் பேசமாட்டார். கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கடைசி ஆளாக வெளியே போவார். ஒரு ஞாயிறு ஆராதனை முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் போய்விட, ஆலயத்தின் முன் தாழ்வாரத்தில் அவரும் நானும் மட்டும் மிஞ்சினோம். பஸ் தரிப்பிடம் வரை என் குடையில் வரலாமே என்றேன்.

"நான் பஸ்ல போறதில்லம்மா. ரயில்ல தான்."

"ஏன், கடை வாசலிலேயே பஸ் நிற்குமே?"

அவர் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார். "ரயிலு பேராதனையில நிக்கும். ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு நாளு ஜன்னல் வழியா பாத்தேன். அவ பிளாட்பாரத்துல நின்னுக்கிட்டு இருந்தா. கையில ஒரு புள்ள. நான் எந்திரிக்கிறதுக்குள்ள வண்டி எடுத்துட்டான். அதுலேர்ந்து ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அந்தப் பக்கத்து ஜன்னல்லதான் உக்காருவேன்."

"மறுபடி பார்த்தீர்களா?"

"இல்லம்மா. பாத்தாலும் எறங்குவேனான்னு தெரியல."

மழை விட்டது. அவர் போய்விட்டார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவர் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. அப்படிக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியே இருக்காது. போதகரிடமல்லவா சொன்னார். நானோ வீட்டுக்கு வந்து ஈரக்குடையை விரித்து வைப்பதற்கு முன்பே கொப்பியை எடுத்துவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வேண்டியிருந்தது. அன்று விடியற்காலை, தூக்கமும் விழிப்பும் அல்லாத ஒரு நிலையில், பேராதனை ஸ்டேஷன் எனக்குள் வந்தது. மேடை முழுக்க வெண்புகை. ஒரு பெண் குடை பிடித்து நிற்கிறாள். ரயில் நிற்கிறது. ஒரு வயதான மனிதர் மெல்ல இறங்குகிறார். பெண்ணின் கையைப் பிடித்திருக்கும் பிள்ளை அண்ணாந்து பார்த்து, "தாத்தா" என்கிறது. அவ்வளவு தெளிவாகப் பார்த்தேன். குடையின் நிறம்கூடத் தெரிந்தது, கருநீலம். கண் திறந்தபோது தலையணை நனைந்திருந்தது. இது எனக்குக் கொடுக்கப்பட்டது என்று நினைத்துக்கொண்டேன். நான் கற்பனை செய்தது என்று ஒருபோதும் நினைக்கவில்லை. தானாக வந்த ஒன்றைப் பொய் என்று யார் சொல்வார்கள்?

முதலில் பன்வில பக்கத்துத் தோட்டத்து ஆலயத்தில் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. "நான் அறிந்த ஒரு அப்பா" என்றுதான் ஆரம்பித்தேன். மகள் போனதைச் சொன்னேன், ரயிலைச் சொன்னேன், ஜன்னலைச் சொன்னேன். பிறகு குடையும் பிள்ளையும். முடித்தபோது தகரக் கூரையில் தூறல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். திரும்பும் பஸ்ஸில் மிதந்துகொண்டே வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அதைக் கண்டியில் சொன்னேன். கடையில் கூரை வேலை நடப்பதால் அந்த ஞாயிறு வரமாட்டேன் என்று ஞானமுத்து சொல்லியிருந்தார். அதை நான் மனதில் வைத்திருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் சொன்னேன். அப்படி நாள் பார்க்கத் தோன்றியபோதே அது தவறு என்று எனக்குள் எங்கோ தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் ஒரு நாள் அப்படித் தோன்றும். இன்னார் வந்திருக்கிறாரா என்று பீடத்திலிருந்து கண்ணால் தேடுவீர்கள். தேடுகிறீர்கள் என்றால் அந்தக் கதையைச் சொல்லாதீர்கள்.

அவர் வந்திருந்தார். கூரை வேலைக்காரர் வராததால் பிந்திக் கிளம்பி வந்து, உள்ளே வராமல் தாழ்வாரத்திலேயே நின்று கேட்டிருக்கிறார்.

ஆராதனை முடிந்து நான் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையை ஒதுக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்தார். திட்டப்போகிறார், திட்டட்டும் என்று நினைத்தேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அவள பாத்தீங்களாம்மா?"

"யாரை?"

"ஸ்டெல்லாவ. நீங்க போயி பேசியிருக்கீங்க. சபையில பேரு சொல்லக்கூடாதுன்னு சுத்திச் சொன்னீங்க. எனக்குப் புரிஞ்சிருச்சும்மா. இன்னைக்கி நிப்பாளா? அதுக்குத்தானே இன்னைக்கி சொன்னீங்க?"

நான் வாயைத் திறந்தேன். பின்னால் நின்ற ஒரு தம்பதி, "அருமையான பிரசங்கம் அம்மா" என்று கைநீட்டினார்கள். ஞானமுத்து கையை விட்டார். "ரயிலுக்கு நேரமாச்சு. எறங்கிருவேன்மா இன்னைக்கி. கட்டாயம் எறங்கிருவேன்" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கி நடந்தார். ஓடினார் என்றே சொல்லலாம்.

நான் அந்தத் தம்பதிக்குக் கைகொடுத்தேன். அடுத்தவருக்கும் கொடுத்தேன். அந்த ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள் எனக்கு வந்த யோசனைகள் எல்லாம் வசதியானவை. போகட்டும், ஒருவேளை அவள் உண்மையிலேயே நிற்கலாம், கடவுளுக்கு முடியாததா என்பது ஒன்று. அவரே தவறாகப் புரிந்துகொண்டார், நான் எங்கே சொன்னேன் என்பது இன்னொன்று. அடுத்த ஞாயிறு ஆறுதலாகப் பேசிக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. மூன்றும் கேட்பதற்கு விசுவாசம்போல, நியாயம்போல, பக்குவம்போல இருந்தன. நான் அங்கியைக் கழற்றி அருகே இருந்த வாங்கில் போட்டேன். சபை மூப்பரிடம், "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். வீதியில் வந்த ஓட்டோவை மறித்து ஏறினேன்.

ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்து நான்காவது பெட்டியில் அவரைக் கண்டேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, சீப்பால் தலை சீவிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் வாறீங்களா?" என்று சந்தோஷப்பட்டு நகர்ந்து இடம் விட்டார். நான் உட்கார்ந்ததும் ரயில் அசைந்தது. பேராதனைக்கு அதிக நேரம் எடுக்காது. அதற்குள் சொல்லியாக வேண்டும்.

"ஞானமுத்து அண்ணன், நான் ஸ்டெல்லாவைப் பார்க்கவில்லை."

"போன்ல பேசுனீங்களா?"

"இல்லை. அவளை எனக்குத் தெரியவே தெரியாது. முடிவு நானாகச் சொன்னது."

அவருக்குப் புரியவில்லை. "எறங்குனது?"

"நான் சொன்னது."

"அந்தப் புள்ள கூப்புட்டது?"

"அதுவும்தான்."

அவர் சீப்பைச் சட்டைப்பையில் வைத்தார். வெளியே பார்த்தார். வீடுகளின் பின்பக்கங்கள், வாழைகள், துவைத்துப் போட்ட துணிகள் எல்லாம் மெதுவாகப் பின்னால் போயின. எல்லாமே தண்ணீருக்குள் இருப்பதுபோல எனக்குத் தெரிந்தன. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் உங்ககிட்ட சொன்னத நாலு பேருக்குச் சொல்லிட்டீங்க. அது பரவால்லம்மா. நானே பாவி, எனக்கென்ன மானம். ஆனா அது முடியாத கதைம்மா. அத எப்படி நீங்க முடிச்சீங்க?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

பேராதனை வந்தது. அவர் எழுந்தார். "அண்ணன், அவள் வரமாட்டாள்" என்றேன். "எறங்குறேன்னு நெனச்சுட்டேன்ல" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். நானும் இறங்கினேன். ரயில் போனது. மேடையில் ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். தூறல் போட்டது. குடை பிடித்த பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் அவர் கொஞ்சம் எழுந்து, பிறகு உட்கார்ந்தார். அவள் வரமாட்டாள் என்று இப்போது அவருக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அப்படிப் போயிருக்கும். பிறகு, "நீங்க போங்கம்மா, நான் பஸ்ல போறேன்" என்றார். கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. நான்காவது வாரம் நான் கடுகண்ணாவைக்குப் போனேன். கடையில் கூட்டம் இருந்தது. என்னைக் கண்டதும் மேசையைத் துடைத்து, பிளேன்டியும் பணிஸும் கொண்டுவந்து வைத்தார். மற்றவர்களையும் கவனித்துக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்ததும் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"கோவம் இல்லம்மா. ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த ஸ்டேஷன்ல வண்டி நிக்கிற கொஞ்ச நேரம் இருக்கே, அதுதான் எனக்கு ஞாயித்துக்கெழமை. அவ நிப்பாளோன்னு நெஞ்சு அடிக்கும். நிக்க மாட்டா. சரி, அடுத்த வாரம்னு வந்துருவேன். இப்ப அவ இல்லாத அந்த எடத்துல ஒரு மணி நேரம் உக்காந்து பாத்துட்டேன். இனி ரயில் ஏற மனசு வரல."

நான் அழுதுவிட்டேன். பிரசங்கத்தில் ஒருவரை அழவைப்பது எவ்வளவு சுலபம் என்றும், நான் அவரிடமிருந்து எதை எடுத்துவிட்டேன் என்றும் அப்போதுதான் விளங்கியது. கொடுத்தது ஒரு நாள் வெளிச்சம். எடுத்தது எல்லா ஞாயிறும்.

"நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்."

"சொன்ன எடத்துக்கெல்லாம் போயி, அது நடக்கலன்னு சொல்லிருங்க. என் பேரு வேணாம்."

கண்டியில் சொன்னேன். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. "ஏனம்மா, நல்ல கதைதானே, உவமை என்று எடுத்துக்கொள்வோமே" என்று மூப்பர் ஒருவர் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். உவமை என்றால் உவமை என்று சொல்லியிருக்க வேண்டும், நான் அறிந்த அப்பா என்று சொல்லியிருக்கக் கூடாது என்றேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இதற்கு நீங்கள் தயாராக இருங்கள். அழுதவர்களுக்கு, தாங்கள் அழுதது இல்லாத ஒன்றுக்காக என்று கேட்பது பிடிக்காது.

தோட்டத்திலும் போய்ச் சொன்னேன். நான் பீடத்தில் தனியாக நின்றேன். அப்போது நடுவில் இருந்து ஒரு பெண் எழுந்தார். ஆரோக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து பறிப்பவர். ஆராதனைக்கு நடுவில் எழுந்து பேசுகிற ஆள் அல்ல.

"அம்மா, அப்ப அந்த ஐயா இன்னும் எறங்கலியா?"

"இல்லை."

"மக கெடைக்கல?"

"இல்லை."

"ஐயோ, நாங்க முடிஞ்சிருச்சுன்னுல்ல விட்டுட்டோம்" என்றார். திரும்பி மற்றப் பெண்களைப் பார்த்தார். "அப்ப அவருக்கு நாம ஜெபம் பண்ணணுமில்ல?"

பண்ணினார்கள். பெயர் தெரியாத, ஊர் தெரியாத, ரயிலில் போகிற ஒரு அப்பாவுக்காக. என் அழகான முடிவு அவர்களிடமிருந்து கண்ணீரை வாங்கிக்கொண்டு அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. முடியாத கதை அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தது. இதை நான் எந்தப் பாடசாலையிலும் படிக்கவில்லை, அந்தத் தகரக் கூரையின் கீழ் கற்றேன். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறை நான் போகும்போதெல்லாம், வணக்கம் சொல்வதற்கு முன்பே கேட்பார்கள். "எறங்கிட்டாராம்மா?"

இதைக் கடுகண்ணாவைக்குப் போய் அவரிடம் சொன்னேன். சொல்லலாமா என்று மிகவும் யோசித்துத்தான் சொன்னேன். சேர்த்துச் சொல்லாமல், அவர்கள் கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எத்தன பேரும்மா?"

"எண்ணவில்லை. ஆலயத்தில் இருந்த எல்லோரும்."

"என்னையத் தெரியாமலா?"

"தெரியாமல்தான்."

அவர் சிரித்தார். ரயிலில் நான் உண்மையைச் சொன்ன நாளுக்குப் பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு. "எறங்கித்தான் ஆகணும் போல" என்றார். மீண்டும் தேத்தண்ணியை ஆற்றத் தொடங்கினார்.

பல மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறு காலை அவர் ஆலயத்துக்கு வந்தார். ஆராதனை தொடங்குவதற்கு முன், நேராக என் அறைக்கு வந்து நின்றார்.

"நேத்து போயிட்டு வந்தேன்மா. பஸ்ல போயி பேராதனைச் சந்தியில எறங்குனேன். பஸ்காரங்ககிட்ட மாப்புள பேரைச் சொல்லிக் கேட்டேன். அஞ்சு நிமிஷத்துல வீட்டக் காட்டிட்டாங்க. இத ஆறேழு வருஷமா கேக்காம இருந்திருக்கேன் பாருங்க."

"ஸ்டெல்லா?"

"கதவத் தொறந்தா. ஒண்ணும் பேசல. மாப்புளதான் உள்ளேர்ந்து வந்து, 'வாடிவென்ன, வாடிவென்ன'ன்னு கதிரைய எடுத்து வெளியில போட்டாரு, உக்காரச் சொல்லி. உள்ள கூப்புடல. தேத்தண்ணி குடுத்தா. எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா. தெரியலன்னேன். நான் அன்னைக்கி வாசல்ல சொன்னத அப்படியே திருப்பிச் சொன்னா. ஒரு சொல்லு விடாம வச்சிருக்கா. ஆமா, சொன்னேன், தப்புன்னேன். அப்பறம் தேத்தண்ணியக் குடிச்சு முடிச்சேன். கெளம்புறப்ப சொன்னா, அடுத்த தடவ வர்றப்ப சொல்லிட்டு வாங்க, இல்லன்னா நான் வேலைக்குப் போயிருப்பேன்னு."

"பிள்ளை?"

"கதவுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. சிங்களந்தான் பேசுது. தாத்தான்னெல்லாம் அதுக்குத் தெரியாதும்மா. கூப்புட்டா சீயான்னுதான் கூப்புடும். கூப்புடல."

அவர் வாசல் வரை போய்த் திரும்பினார். "தோட்டத்துல அவங்க கேப்பாங்கல்ல. சொல்லுங்க. ஆனா கூட்டாமச் சொல்லுங்கம்மா."

அதை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கதையைத் தாளைப் பார்த்து வாசித்தேன், என் வாய் எதையாவது சேர்த்துவிடும் என்ற பயத்தில். கதிரை வெளியே போடப்பட்டதையும், பிள்ளை கூப்பிடாததையும் வாசித்தேன். யாரும் அழவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்கள். "வெளியிலயாவது போட்டாங்களே" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது கேட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன். வழக்கம்போலப் பாட்டுப் பாடி, ஆசீர்வாதம் பெற்றுக் கலைந்தார்கள்.

அன்று எல்லோரும் போன பின்பு ஆரோக்கியம் ஆலயத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கையில் போன். எதையோ சொல்ல வருவதும், பிறகு தேயிலை மலையைப் பார்ப்பதுமாக இருந்தார். மேட்டிலிருந்து வெண்புகை இறங்கத் தொடங்கியிருந்தது. மேல் வரிசைச் செடிகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

"அம்மா, எங்க அக்கா ஒருத்தி இருக்கா. பேசி ஒம்பது வருஷம். நம்பரு இருக்கு. தனியா பேசப் பயமா இருக்கு. கொஞ்சம் நிக்கிறீங்களா?"

"நிற்கிறேன்."

அவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கைகாட்டினார். "எனக்குத் தெரியுற தூரத்துல நில்லுங்க. கேக்குற தூரத்துல வேணாம்."

நான் ஆலயத்தைத் தாண்டிப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் கையசைத்தேன். அவர் போனைக் காதில் வைத்தார். உதடுகள் அசைவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் புகைக்குள் மங்கி, அவருடைய சிவப்புச் சேலை மட்டும் தெரிந்தது. கீழே கண்டி பஸ் வந்து, ஹோர்ன் அடித்து, காத்திருந்து, போய்விட்டது. நான் அசையவில்லை. அவர் என்ன சொன்னார், அக்கா என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அங்கே நின்றேன் என்பதை மட்டும் உங்களுக்குச் சொல்ல அவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.